நீல டேப் ஒட்டிய கேமரா

ஸ்டுடியோக்காரர் எதையும் எடுத்த எடுப்பில் நம்பிவிடுகிற ஆள் இல்லை. கடையில் எடை போட்டுக் கொடுத்த சாமானை வீட்டுக்கு வந்து மறுபடி எடை போடுவார். லிஃப்டில் மூன்றாம் மாடிப் பொத்தானை அமுக்கினால், கதவு திறந்ததும் எதிர்ச்சுவரில் மூன்று என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காலை வெளியே வைப்பார். யாராவது சும்மா சிரித்தால்கூட, இவன் எதற்குச் சிரித்தான் என்று அன்று முழுக்க மனசை அரித்துக்கொண்டிருக்கும். அப்படிப்பட்டவர் முன்னால் இரண்டு கேமராவை வைத்து, இதில் எது வேண்டும் என்று கேட்டார்கள். பாவம், கேட்டவர்களைச் சொல்ல வேண்டும்.

கேட்டது அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. பதினோரு வருஷமாக இரண்டு பேரும் சேர்ந்துதான் விழாக்களுக்குப் போய்ப் படம் எடுக்கிறார்கள். மனைவி உள்ளறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படங்களைப் பொறுக்கி ஆல்பம் செய்வாள். ஒரு காலத்தில் அவளும் கேமரா தூக்கியவள்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் வலது மணிக்கட்டில் ஆபரேஷன் ஆனதோடு அதை விட்டுவிட்டாள். இப்போது மவுஸைக்கூட இடது கையால்தான் நகர்த்துகிறாள்.

பழைய கேமராக்கள் இரண்டில் ஒன்று போன மாதம் மண்டையைப் போட்டது. ரிப்பேர்க்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு உதிரி பாகம் வர்றதே இல்ல சார். உள்ள கண்ணாடி வச்ச கேமரா காலமெல்லாம் முடிஞ்சுபோச்சு. இனிமே மிரர்லெஸ்தான்" என்று கையை விரித்துவிட்டார். கேமரா வாடகைக்கு விடுகிற கடைக்காரர் புண்ணியவான். பழகிய முகம் என்பதால் இரண்டு கம்பெனியின் மிரர்லெஸ் கேமராவையும் பத்து நாள் வைத்துப் பாருங்கள், பிடித்ததைச் சொல்லுங்கள், புதிதாகவே வரவழைத்துத் தருகிறேன் என்று கொடுத்தனுப்பினார்.

ஒன்று பெரியது. இன்னொன்று சின்னது. வீட்டில் அப்படித்தான் பேர் வைத்தார்கள்.

பெரியதற்கு உள்ளே படம் பதிகிற சென்சாரும் பெரிது. மங்கலான ஹாலில் எடுத்தாலும் படத்தில் புள்ளி விழாது. ஆளுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் பஞ்சு மாதிரி கலைந்துபோகும். பழைய கேமராக்களின் கம்பெனியே செய்தது என்பதால், ஒரு வளையத்தை நடுவில் மாட்டினால் பழைய லென்ஸ் எல்லாமே அதில் வேலை செய்யும். ஆனால் கனம். பெரிய லென்ஸையும் மாட்டி எட்டு மணி நேரம் நின்றால் தோள்பட்டை அன்றைக்கு நம்முடையது இல்லை.

சின்னது கைக்குள் அடங்கும். லென்ஸும் பாதிக் கனம்தான். உள்ளே சென்சாரையே மிதக்க விட்டுக் கை ஆட்டத்தைச் சரிக்கட்டுகிற ஏற்பாடு ஒன்று இருக்கிறது. இருட்டில், ஸ்டாண்டு இல்லாமல், ஆடுகிற கையோடு எடுத்தாலும் படம் ஆடாமல் விழும். அதற்கு ஸ்டெடி என்று மச்சான் சுருக்கமாகச் சொல்வான். குறை என்ன என்றால், இருட்டு அதிகமானால் புள்ளி விழும், பேட்டரி சீக்கிரம் தீரும், பழைய லென்ஸ் ஒன்றுகூட உருப்படியாக வேலை செய்யாது.

"மாமா, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. சின்னதையே வாங்கலாம்" என்றான் மச்சான்.

"பழைய லென்ஸ் ஏழு இருக்கே. அத என்ன, ஊறுகாயா போடறது?"

"வித்துரலாம். இருட்டுல புள்ளி விழுந்தா சாஃப்ட்வேர்ல தொடச்சுக்கலாம். தோள் வலிக்கு சாஃப்ட்வேர் கெடையாது மாமா."

"எனக்குத் தோள் வலின்னு உன்கிட்ட எப்பவாவது சொன்னேனா?"

"உங்களுக்குன்னு சொல்லல. பொதுவா சொல்றேன்."

பொதுவாக! ஸ்டுடியோக்காரருக்கு அந்த வார்த்தை பிடிபடவில்லை. பொதுவாகப் பேசுகிற மனுஷன் எவனும் உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டுதான் பேசுவான் என்பது அவருடைய கட்சி.

அவருக்கு உண்மையில் பயம் கேமராவைப் பற்றி இல்லை. லென்ஸ் மாட்டுகிற வாய் ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு வேறு. ஒருத்தனுடையது இன்னொருத்தனுக்குப் பொருந்தாது. பதினோரு வருஷமாக இருவரும் ஒரே கம்பெனி, ஒரே லென்ஸ் பை. மச்சான் தனியாகப் போவதென்றால் அந்தப் பையைப் பங்கு போட வேண்டும், அந்தப் பேச்சை எடுக்க அவனுக்கு வாய் வராது. பழைய லென்ஸ்களை விற்றுத் தலைமுழுகிவிட்டால்? புதிதாக வாங்குவதில் அவனுக்கென்று நாலு வாங்கிக்கொண்டு ஒரு நாள் "வர்றேன் மாமா" என்று கிளம்பிவிடலாம். இப்போதெல்லாம் ஃபோன் செய்கிறவர்கள், "அந்தத் தம்பி வருவாருல்ல?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இவர் வருவாரா என்று யாரும் கேட்பதில்லை. அவன் போனால் ஸ்டுடியோவின் பேர்ப்பலகை மட்டும்தான் மிஞ்சும். இது அவருக்கு நன்றாகவே தெரியும், அதனால்தான் தூக்கம் வரவில்லை.

சந்தேகம் வந்துவிட்டால் சாட்சிக்கா பஞ்சம்? அக்காவும் தம்பியும் உள்ளறையில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருப்பார்கள். இவர் தலை தெரிந்ததும் பேச்சு நின்றுவிடும். "என்ன பேசிட்டிருந்தீங்க?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லைங்க, ஆல்பம் அட்டை பத்தி" என்பாள் மனைவி. ஆல்பம் அட்டையைப் பற்றிக் குசுகுசுக்க என்ன இருக்கிறது? அது என்ன ராணுவ ரகசியமா?

அப்புறம் வியாழக்கிழமை. நாலு மாதமாக வியாழக்கிழமை ஆனால் நாலு மணிக்கு மனைவி தோழி வீட்டுக்குப் போகிறாள். சரியாக அதே நேரத்துக்கு மச்சானுக்கும் ஏதோ ஒரு வேலை வந்துவிடுகிறது. தனிக்கடைக்கு இடம் பார்க்கிறார்கள் என்று இவர் முடிவே கட்டிவிட்டார். கட்டின முடிவுக்கு மேல் கூரை போட்டது வாடகைக் கடைக்காரர். ஒரு நாள் ஃபோனில் பேச்சுவாக்கில், "உங்க மச்சான் சின்னதுல மூணு பாடிக்கு வெலை கேட்டாரே சார், கடைய பெருசு பண்றீங்களா?" என்றார்.

மூன்று! எடுக்கிற ஆள் இரண்டு பேர். மூன்றாவது கேமரா எதற்கு? யாருக்கு?

ஸ்டுடியோக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் வாயைத் திறந்து மச்சானிடம் கேட்டாரா என்றால் இல்லை. கேட்டுவிட்டால் பதில் வந்துவிடுமே! அவர் மாதிரி ஆட்களுக்குப் பதிலைவிடச் சந்தேகம்தான் சௌகரியம். மென்று விழுங்கிக்கொண்டு, "அப்படியா, பாக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம். மறுநாள் இரண்டு வேலை இருந்தது. ஒரு கம்பெனிக் கூட்டத்துக்கு இவர் பெரியதை எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. ஒரு நூலகத்தில் புது மாடி திறக்கிறார்கள், அதற்கு மச்சான். கொடுக்க வேண்டிய படங்களைப் பழைய கேமராவில் எடுத்துவிட்டு, சின்னதை அங்கே சோதித்துப் பார்ப்பதாகச் சொன்னான். "வாசிக்கிற எடம் மங்கலா இருக்கும், எல்லாரும் ஆடாம உக்காந்திருப்பாங்க. ஸ்டெடி எப்படின்னு தெரிஞ்சிரும் மாமா. படம் நல்லா இல்லன்னா நானே பெரிசுக்கு வந்துடறேன்."

சொல்லிவிட்டுக் கேமராவில் எல்லாவற்றையும் செட் செய்து, திருகுகிற சக்கரத்தின் மேலும் மெனு பொத்தானின் மேலும் நீல டேப் ஒட்டி வைத்துவிட்டுப் போனான்.

இந்த டேப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கூட்டத்தில் இடித்துக்கொண்டு நிற்கும்போது சக்கரம் தானாகத் திரும்பிவிடும். அதற்காக ஆரம்பத்தில் ஒட்டியதுதான். போகப்போக அது அந்த ஸ்டுடியோவின் சட்டமாகவே ஆகிவிட்டது. டேப் ஒட்டிய கேமராவை ஒட்டியவரைத் தவிர வேறு யாரும் மாற்றக் கூடாது. எடுத்துக்கொண்டு போகிறவரும் திறந்து பார்க்க வேண்டியதில்லை. டேப் இருக்கிறதா, எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட யாரும் மீறியதில்லை. எதையும் நம்பாத ஸ்டுடியோக்காரரே இந்த ஒரு விஷயத்தை மட்டும் சோதித்துப் பார்த்ததில்லை.

வீட்டில் யாரும் இல்லை. மனைவி கடைக்குப் போயிருந்தாள். சின்னது மேஜையில் இருந்தது. ஸ்டுடியோக்காரர் அதைச் சுற்றி இரண்டு நடை நடந்தார். தண்ணீர் குடித்தார். ஜன்னலில் எட்டிப் பார்த்தார். அப்புறம் நகத்தால் டேப்பின் ஓரத்தைக் கிள்ளி, கிழியாமல் மெதுவாக உரித்து, மெனுவுக்குள் போய் ஸ்டெடியை அணைத்தார். டேப்பைப் பழைய இடத்திலேயே, ஒரு மயிரிழை நகராமல், ஒட்டினார். இரண்டு நிமிஷ வேலை. உள்ளங்கை வேர்த்திருந்ததைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

அவருடைய மனசாட்சி ஏதோ முனகியது. நான் என்ன திருடினேனா, குடும்பம் உடையாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று அதை அடக்கினார். மற்றவர்கள் செய்தால் உள்ளடி வேலை, தான் செய்தால் முன்ஜாக்கிரதை!

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மச்சான் கேமராவைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, கார்டை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு முகம் கழுவப் போனான். அந்த இடைவெளியில் இவர் டேப்பை உரித்து, ஸ்டெடியைப் பழையபடி போட்டு, மறுபடி ஒட்டிவிட்டார். தடயமே இல்லாத வேலை.

திங்கட்கிழமை காலையில் மூவரும் உள்ளறையில் கம்ப்யூட்டர் முன்னால் கூடினார்கள். முதலில் பெரியதில் எடுத்தவை. கம்பெனிக் கூட்டத்தில் கொட்டாவி விட்டவர்களின் கடைவாய்ப் பல்கூடத் துல்லியமாகத் தெரிந்தது. அப்புறம் சின்னது. நீள மேஜை, அதன் மேல் விளக்கு, விளக்கடியில் ஒரு பெரியவர் புத்தகத்தின் மேல் குனிந்திருக்கிறார். அருமையான இடத்தில் நின்று எடுத்த படம். ஆனால் பெரியவருக்கு இரண்டு மூக்கு. அடுத்த படத்தில் ஒரு பெண் பக்கத்தைத் திருப்பப் போகிற நேரம் பார்த்து எடுத்திருந்தது. அவளும் ஆடியிருந்தாள், அலமாரியும் ஆடியிருந்தது. நாற்பது படம். நாற்பதும் அப்படியே.

ஸ்டுடியோக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் அப்பவே சொன்னேன். பேப்பர்ல எழுதியிருக்கறது வேற, கையில புடிக்கறது வேற. ஸ்டெடியாவது, மண்ணாவது."

மச்சான் படத்தைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தான். மனைவியின் முகத்தில் ஈயாடவில்லை. நாற்பதாவது படத்தில் நிறுத்தி, கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

"கேமரா மேல தப்பில்லைங்க" என்றாள். "நீங்க பெரிசையே வாங்கிக்குங்க."

எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். ஜெயித்துவிட்ட சந்தோஷம் ஸ்டுடியோக்காரருக்கு அரை நிமிஷம்கூட நிலைக்கவில்லை. கேமரா மேல் தப்பில்லை என்றால் யார் மேல் தப்பு? இதில் என்ன உள்குத்து இருக்கிறது?

"என்னடா ஆச்சு உங்க அக்காவுக்கு?"

மச்சான் தலையைக் குனிந்துகொண்டான். "அது நான் எடுத்ததில்ல மாமா. அக்கா எடுத்தா."

"என்னது?"

"நாலு மாசமா கைக்கு பிசியோதெரபி போறா. வியாழக்கிழமையில நான்தான் கொண்டு விட்டுக் கூட்டிட்டு வருவேன். டாக்டரம்மா இப்ப லேசான கேமரா தூக்கலாம்னு சொல்லிட்டாங்க. இன்னும் கொஞ்சம் நடுக்கம் இருக்கு, அதுக்குத்தான் ஸ்டெடி இருக்கற கேமராவா பாருன்னு நானே தேடுனேன். பொம்பளை ஃபோட்டோகிராஃபர் இருக்காங்களான்னு எத்தன பேர் கேக்கறாங்க, நமக்கே தெரியும். மூணு பேரும் சேர்ந்து போலாம்னு நெனச்சோம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அவதான் சொல்ல வேண்டாம்னா. 'உங்க மாமா ஏன் எதுக்குன்னு நூறு கேள்வி கேப்பாரு. மொதல்ல என் கை மேல எனக்கு நம்பிக்கை வரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்'னா." அவன் தலையை நிமிர்த்தினான். "நேத்து லைப்ரரியில அவள பாத்திருக்கணும் மாமா நீங்க. பழைய மாதிரியே. கேமராவோட சின்னத் திரையில ஆட்டமே தெரியல. நான் என்கிட்ட இருந்த கேமராவுல எடுக்கறதையே விட்டுட்டு அவளத்தான் பாத்துட்டு நின்னேன்."

ஸ்டுடியோக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். திரையில் நாற்பதாவது படம் அப்படியே இருந்தது. ஒரு சின்னப் பெண் மேல் தட்டுப் புத்தகத்துக்காக எம்பி நிற்கிறாள், விரல் நுனி புத்தகத்தைத் தொடப்போகிறது. பதினோரு வருஷத்தில் தான் இப்படி ஒரு படம் எடுத்திருக்கிறோமா என்று யோசித்தார். இல்லை என்று அவருக்கே தெரிந்தது. அதை ஆட வைத்தது தன் கை. அவள் கை இல்லை.

யாருக்கும் தெரியப்போவதில்லை. படத்தின் விவரங்களைத் தோண்டினால் ஸ்டெடி அணைந்திருந்தது தெரியும்தான். ஆனால் யார் தோண்டப்போகிறார்கள்? டேப் ஒட்டியிருந்ததே. பேசாமல் இருந்தால் பெரியது வரும், மச்சான் இருப்பான், பழைய லென்ஸ் பை அப்படியே இருக்கும். மச்சான் போகப்போவதே இல்லை என்பதும் தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை பேசாமல் எல்லாவற்றையும் காப்பாற்றிக்கொள்ளலாம். அப்படி நினைத்ததும் தன்னைப் பார்த்தே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

சமையலறையிலிருந்து மனைவி ஃபோனில் பேசுவது கேட்டது.

"ஆமாங்க, வியாழக்கிழமை நாலு மணி. அத ரத்து பண்ணிடுங்க... இல்லைங்க, அடுத்த வாரமும் வேண்டாம்... டாக்டரம்மா நல்லாத்தான் பாத்தாங்க, எனக்குத்தான் சரிவரல. இனிமே தேவைப்படாது."

அதற்கு மேல் அவரால் உட்கார முடியவில்லை. சமையலறை வாசலில் போய் நின்றார்.

"ரத்து பண்ணாத" என்றார். "கையில ஒண்ணுமில்ல. நான்தான் ஸ்டெடிய அணச்சு வச்சேன்."

அவள் ஃபோனைக் காதிலிருந்து மெதுவாக எடுத்தாள். பின்னால் வந்து நின்ற மச்சான்தான் முதலில் பேசினான்.

"டேப் ஒட்டியிருந்துச்சே மாமா."

"உரிச்சுட்டு ஒட்டினேன்."

"எப்ப?"

"சனிக்கிழமை. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் திரும்பப் போட்டுட்டேன்." ஏதோ நல்ல காரியம் செய்தது போல அது அவர் வாயிலிருந்து வந்தது. அவருக்கே கேட்கச் சகிக்கவில்லை. "நீ தனியா கடை போடப்போறேன்னு நெனச்சேன்டா. மூணு கேமரா கேட்டியாமே. எல்லாம் சேர்ந்து... எனக்கு பயமா இருந்துச்சு."

மனைவி கோபப்படுவாள், அழுவாள் என்று ஸ்டுடியோக்காரர் எதிர்பார்த்தார். இரண்டுக்கும் தயாராகத்தான் நின்றார். அவள் ஃபோனில், "மன்னிச்சிருங்க, வியாழக்கிழமை வர்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டு, அவரைத் தாண்டி உள்ளறைக்குப் போனாள். சின்னதை எடுத்தாள். வலது கையால். டேப்பை ஒரே இழுப்பில் உரித்து, மெனுவைத் திறந்து ஸ்டெடி போட்டிருக்கிறதா என்று தானே பார்த்துக்கொண்டாள். அப்புறம் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோய், பின்னாலேயே வந்து கதவில் சாய்ந்து நின்ற கணவரை நோக்கி ஒரு தடவை அழுத்தினாள்.

அந்த அறையில் வெளிச்சம் குறைவு. அவள் கை நடுங்குவது இவருக்கு இங்கிருந்தே தெரிந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள், இன்னும் பெரிதாக்கிப் பார்த்தாள். முகத்திலிருந்து ஏதோ ஒன்று இறங்கிப் போனது. கண் கலங்கிவிட்டது.

"ஆடல" என்றாள் தம்பியிடம். இவரிடம் காட்டவில்லை.

"நான் தப்பு பண்ணிட்டேன்" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"நீங்க அவன் மேல சந்தேகப்பட்டீங்க, என் மேல சந்தேகப்பட்டீங்க. அதெல்லாம் எனக்குப் பழக்கம்தாங்க. ஆனா என் கை மேல எனக்கே சந்தேகம் வர வச்சிட்டீங்களே! இன்னைக்குக் காலையில இந்தப் படங்களப் பாக்கற வரைக்கும் எவ்வளவு சந்தோஷமா இருந்தேன் தெரியுமா?"

ஸ்டுடியோக்காரர், பெரியதையே வேண்டாமென்று சொல்லிவிடலாம், மூன்றும் சின்னதாகவே வாங்கிவிடலாம், பழைய லென்ஸ்களை இன்றைக்கே விற்றுவிடலாம் என்றெல்லாம் அடுக்கிக்கொண்டே போனார். இருவரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அவர் குரல் அவருக்கே யாரோ கெஞ்சுவது போலக் கேட்டது.

அப்போது ஃபோன் அடித்தது. வாடகைக் கடைக்காரர். மனைவியே எடுத்து, சத்தமாகக் கேட்கும்படி மேஜையில் வைத்தாள்.

"பத்து நாள் ஆகப்போகுதும்மா. எதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான்.

"பண்ணிட்டோம். சின்னது ரெண்டு. பெரிசு ஒண்ணு."

"ரெண்டு கம்பெனியா? என்னம்மா இது, யாருக்கும் அப்படி வாங்கச் சொல்லி நான் சொல்லவே மாட்டேன். ஒருத்தர் லென்ஸ் இன்னொருத்தருக்கு ஆகாதே?"

"தெரியும்" என்றாள்.